நல்ல எண்ணம் இருந்தும் துக்ளக் ஏன் விழுந்தார்? மேடை நாயகர்களைச் சாய்க்கும் அந்த 'ஒரு குறை' என்ன?

பெங்களூரு ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா அரங்கில் ஒரு கறாரான விதி உண்டு. நாடகம் தொடங்கிவிட்டால் கதவு மூடப்படும். டிக்கெட் கையில் இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி, உள்ளே போக முடியாது.

நீங்கள் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே நிமிடம் லேட். கதவு மூடியாச்சு. வெளியே நிற்கும்போது உங்கள் நண்பர் சொல்கிறார்: "நீ எப்பவுமே இப்படித்தான், கடைசி நிமிஷத்துலதான் கிளம்புவ." நீங்கள் சொல்கிறீர்கள்: "இல்ல, மேப்ல நாற்பது நிமிஷம்னுதான் காட்டுச்சு."

நண்பர் சொல்வது குணத்தின் குறை. நீங்கள் சொல்வது ஒரு கணக்குப் பிழை. விளைவு ஒன்றுதான்: நாடகம் போச்சு.

ஒரு பெரிய மனிதர் விழும்போது அவரைச் சாய்த்தது அவர் குணமா, அவர் செய்த ஒரு பிழையா என்ற இந்தச் சண்டை, சுமார் 2,300 ஆண்டுகளாக நடக்கிறது. அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஏதென்ஸ் வரை போக வேண்டியதில்லை. கன்னட மேடையின் புகழ்பெற்ற நாடகங்களில் ஒன்றான கிரீஷ் கர்னாட்டின் 'துக்ளக்' போதும். அதற்கு ஒரு சென்னைத் தொடர்பும் இருக்கிறது.

முதலில், 'துன்பியல் நாயகன்' என்றால் யார்?

சோகமான முடிவு இருந்தாலே அது துன்பியல் நாடகம் ஆகிவிடாது. கிரேக்கச் சிந்தனையாளர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தன் 'கவிதையியல்' நூலில் இதற்குச் சில அளவுகோல்கள் வைத்தார்.

மிக நல்லவர் ஒருவர் காரணமே இல்லாமல் அழிந்தால் நமக்கு அருவருப்புதான் வரும். கெட்டவர் அழிந்தால் "நல்லா வேணும்" என்போம். இரண்டிலும் நாடகம் வேலைக்கு ஆகாது. துன்பியல் நாயகன் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நம்மைப் போன்றவர், ஆனால் நம்மைவிட உயரமான இடத்தில் இருப்பவர். அவர் விழுவதற்கு அவர் செய்த ஏதோ ஒன்று காரணமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்மீது இரக்கமும், நமக்கும் இப்படி ஆகலாம் என்ற பயமும் ஒருசேர வரும்.

அந்த 'ஏதோ ஒன்று'க்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயர் 'ஹமார்ட்டியா'. எறிந்த ஈட்டியோ விட்ட அம்போ குறி தவறுவதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

அப்படியானால் 'குணக்குறை' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஒரு திருப்பம். குறி தவறியவர் கெட்டவர் என்று பொருள் இல்லை. கண் நன்றாக இருக்கலாம், கை நன்றாக இருக்கலாம், அம்பு மட்டும் தவறியிருக்கலாம்.

அரிஸ்டாட்டில் அடிக்கடி எடுத்துக்காட்டும் சோபோக்ளிஸின் 'ஈடிபஸ்' நாடகத்தைப் பாருங்கள். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முந்தைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் அது தீரும் என்கிறது தெய்வவாக்கு. கண்டுபிடித்தே தீருவேன் என்று சபதம் எடுக்கிறார் அரசர் ஈடிபஸ். விசாரணை முடியும்போது தெரிகிறது, கொலைகாரன் அவரேதான். கொல்லப்பட்டவர் தன் தந்தை, தான் மணந்தவர் தன் தாய்.

ஈடிபஸுக்கு இது எதுவும் முன்பே தெரியாது. தெரியாமல் நடந்த ஒன்றை குணத்தின் குறை என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் இன்றைய அறிஞர்கள் பலர், ஹமார்ட்டியாவை 'பிழை' என்று மொழிபெயர்ப்பதே சரி என்கிறார்கள்.

குணத்தின்மீது பார்வை அழுத்தமாகத் திரும்பியது ஷேக்ஸ்பியரைப் படித்தவர்களால். 1904இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஏ.சி. பிராட்லி என்ற ஆங்கிலப் பேராசிரியர், ஷேக்ஸ்பியரின் நாயகர்களுடைய செயல்கள் அவர்களுடைய குணத்திலிருந்தே பிறக்கின்றன என்றார். வகுப்பறையில் அது சுருங்கிச் சுருங்கி ஒரு பட்டியலாகிவிட்டது: மக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம். பரீட்சைக்கு எழுத வசதி.

ஆனால் பிராட்லி சொன்னதில் பட்டியலில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. நாயகனைப் பெரியவனாக்கும் குணம் எதுவோ, அதுவேதான் அவனை அழிக்கும் குணமும். இரண்டும் தனித்தனி இல்லை. புதிரை விடுவித்து நகரைக் காத்தது ஈடிபஸின் விடாப்பிடி. "இதோடு நிறுத்துங்கள்" என்று மனைவி கெஞ்சியும் நிறுத்தாமல் தன் அழிவைத் தோண்டி எடுத்ததும் அதே விடாப்பிடிதான்.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு துக்ளக்கிடம் வாருங்கள்.

சென்னையில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் நாடகம்

கிரீஷ் கர்னாட் 1963இல் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை முடித்துத் திரும்பினார். சேர்ந்த வேலை, சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் அலுவலகத்தில். 1970 வரை அங்கேதான். 'துக்ளக்' கன்னடத்தில் வெளிவந்தது 1964இல். அப்போது அவருக்கு வயது 26. அதாவது, வேறு ஊருக்குப் பிழைக்கப்போய், வேற்றுமொழி நகரத்தில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர். பெங்களூரில் தமிழ் பேசிக்கொண்டு வேலை பார்க்கும் உங்கள் நிலைமையை அப்படியே திருப்பிப்போட்டது போல.

நமக்குத் தமிழில் துக்ளக் என்றாலே சோ ராமசாமிதான். 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்', 1971இல் வந்த படம், நடுவே 1970இல் தொடங்கிய பத்திரிகை. கோமாளித்தனமான நிர்வாகத்துக்கு 'துக்ளக் தர்பார்' என்ற பட்டமும் நம்மிடம் உண்டு. சோவின் நாடகத்தில் துக்ளக் நம் அரசியலுக்குப் பிடித்த கண்ணாடி. பார்த்துச் சிரிக்கிறோம்.

கர்னாட்டின் துக்ளக்கைப் பார்த்துச் சிரிக்க முடியாது. காரணம், அவர் முட்டாள் இல்லை. அந்தச் சபையிலேயே அதிகம் படித்தவர், அதிகம் யோசிப்பவர், தொலைவில் இருப்பதையும் பார்ப்பவர் அவர்தான்.

கதை என்ன?

வரலாற்றில் முகமது பின் துக்ளக் ஆண்டது 1325 முதல் 1351 வரை. தலைநகரை டெல்லியிலிருந்து தக்காணத்தின் தௌலதாபாத்துக்கு மாற்றியது, வெள்ளி நாணயத்தின் மதிப்பைச் செப்புக்குக் கொடுத்து அடையாள நாணயம் வெளியிட்டது, இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. நம் மதுரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. துக்ளக்கின் ஆளுநராக மதுரையில் இருந்த ஜலாலுதீன் அசன் கான், 1335 வாக்கில் தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். டெல்லியின் பிடி தெற்கே நழுவிய கதை அது.

கர்னாட்டின் நாடகம் 13 காட்சிகள். முதல் காட்சியில் துக்ளக் எடுக்கும் நிலைப்பாடு நம்மை அசத்திவிடும். அரசு தன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று ஓர் எளிய பிராமணர் சுல்தான் மீதே வழக்குப் போட்டிருக்கிறார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. சுல்தான் தீர்ப்பை ஏற்கிறார், இழப்பீடும் அரசு வேலையும் கொடுக்கிறார். சட்டத்தின் முன் மதம் கிடையாது, அரசனும் கிடையாது என்கிறார். தலைநகரை மாற்றப்போவதாக அறிவிக்கும்போதும் அது கட்டளை இல்லை, அழைப்புதான். என்மேல் நம்பிக்கை இருப்பவர்கள் வந்தால் போதும் என்கிறார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு யார்தான் ஓட்டுப் போட மாட்டார்கள்?

ஆனால் அந்த 'பிராமணர்' பிராமணரே இல்லை. அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. அரசு பறித்த நிலத்தை மலிவாக வாங்கிக்கொண்டு, வேஷம் போட்டு வந்து வழக்கில் ஜெயித்துவிட்டான்.

அஜீஸைக் கவனித்தால் நாடகம் புரிந்துவிடும்

சுல்தான் கொண்டுவரும் ஒவ்வொரு நல்ல திட்டத்திலும் உள்ள ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பவன் அஜீஸ்.

சிறுபான்மை பெரும்பான்மை பாராத நீதியா? அவன் பிராமணன் ஆகிறான். தௌலதாபாத்துக்கு மக்கள் இடம்பெயர்கிறார்களா? வழியில் அவர்களைக் கவனிக்கும் அதிகாரியாகி லஞ்சம் வாங்குகிறான். சாகக் கிடக்கும் குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோக அனுமதி கேட்கும் தாயிடமும் காசு கேட்கிறான். செப்பு நாணயமா? கள்ள நாணயம் அடிக்கிறான். சுல்தான் தன் ஆட்சிக்குப் புனிதம் தேடி, கலீஃபாவின் வம்சத்தில் வந்த ஒருவரை விருந்தினராக அழைக்கிறாரா? அந்த விருந்தினரைக் கொன்றுவிட்டு, அவர் வேஷத்தில் அரண்மனைக்குள்ளேயே வந்துவிடுகிறான்.

துக்ளக்கின் பிழை இங்கேதான் தெரிகிறது. யோசனை சரியாக இருந்தால் போதும், உலகம் தானாகப் பின்னால் வரும் என்று நம்புகிறார். அவர் தனியாக உட்கார்ந்து செஸ் புதிர் போடும் காட்சி ஒன்று உண்டு. செஸ் காய்கள் பேசாது, பயப்படாது, திருடாது. மனிதர்கள் அப்படி இல்லை.

அடையாள நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யோசனை மோசமில்லை. அவருக்கு முன்பே சீனாவில் காகிதப் பணம் புழங்கியிருக்கிறது. இன்று உங்கள் பர்ஸில் இருக்கும் 500 ரூபாய்த் தாளுக்கும் தாள் என்ற அளவில் மதிப்பு ஒன்றும் பெரிதில்லை. வெளியிட்டவர்மீது நம்பிக்கையும், கள்ளத்தனமாக அடிக்க முடியாத வேலைப்பாடும் இருப்பதால் ஓடுகிறது. துக்ளக்கிடம் இந்த இரண்டும் இல்லை. செப்பு எல்லார் வீட்டிலும் இருந்தது. அச்சடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கஜானாவுக்குத் திரும்பி வந்த செல்லாக்காசைத் துக்ளக் ஆசையாக வளர்த்த ரோஜாத் தோட்டத்தில் கொட்டுகிறார்கள்.

எந்த இடத்தில் திரும்புகிறது?

துன்பியலில் எல்லாம் தலைகீழாகும் ஒரு கணம் இருக்கும். நல்லதற்கென்று செய்ததே எதிராகத் திரும்பும் அந்த இடத்தைக் கிரேக்கர்கள் 'பெரிபெட்டியா' என்றார்கள்.

துக்ளக் தன் மக்களுக்கு ஐந்து வேளைத் தொழுகையைக் கட்டாயமாக்கியிருக்கிறார். தொழுகை நேரத்தில் ஆயுதம் கூடாது. அந்த நேரம் பார்த்தே அவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் பிரபுக்கள். சதி முன்பே தெரிந்துவிடுகிறது. சதியில் சேர்ந்த ஷிஹாபுதீனை, தான் மதித்த மனிதரை, சுல்தான் தன் கையாலேயே குத்திக் கொல்கிறார்.

அதன்பின் இரண்டு மாற்றங்கள். நாட்டில் தொழுகைக்குத் தடை. தௌலதாபாத்துக்கான அழைப்பு கட்டளையாகிறது. டெல்லியில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது.

கவனியுங்கள், இலக்கு மாறவில்லை. தலைநகர் அதே தௌலதாபாத்துதான். மக்கள்மீது இருந்த பொறுமை மட்டும் போய்விட்டது. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சரிவு. கடைசியில், தன்மேல் உண்மையான அன்பு வைத்திருந்த சிற்றன்னைக்கே மரண தண்டனை விதிக்கிறார். உடனிருந்த வரலாற்றாசிரியர் பரனியும் விடைபெற்றுப் போய்விடுகிறார்.

தன்னை உணர்ந்துகொள்ளும் கணமும் துன்பியலுக்கு வேண்டும். துக்ளக்குக்கு அது அஜீஸ் மூலம் வருகிறது. குட்டு உடைந்து எதிரே நிற்கும் அஜீஸ் தன்னைச் சுல்தானின் உண்மையான சீடன் என்கிறான். சுல்தானால் மறுக்க முடியவில்லை. தண்டிக்கவும் முடியவில்லை, பதவி கொடுத்து அனுப்புகிறார். முடிவில் சிம்மாசனத்திலேயே கண்ணயர்கிறார். தொழுகைக்கான அழைப்பு கேட்டு விழிக்கும்போது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல் சுற்றுமுற்றும் பார்க்கிறார். நாயகன் சாகவில்லை. உயிரோடு விடுவதுதான் இங்கே தண்டனை.

நாடகம் வந்த 1964இல்தான் நேரு மறைந்தார். பெரிய கனவுகளோடு தொடங்கிய ஒரு காலம் களைத்துப்போன கதையாகவே பலர் இதைப் படித்தார்கள். டெல்லி புரானா கிலாவின் இடிபாடுகளையே மேடையாக்கி எப்ராஹிம் அல்காசி 1970களில் இதை இயக்கியதும், மனோகர் சிங் துக்ளக்காக நின்றதும் இந்திய நாடக வரலாற்றின் பெரிய நிகழ்வுகள்.

நம் மரபில் துன்பியலே இல்லையா?

சம்ஸ்கிருத நாடக மரபில் முடிவு மங்களமாக இருக்க வேண்டும், மேடையில் மரணம் காட்டக் கூடாது என்பது பொது வழக்கம். பாசன் பெயரில் வழங்கும் 'ஊருபங்கம்' அதற்கு விதிவிலக்கு. தொடை முறிந்த துரியோதனன் நம் கண்முன்னே சாகிறான். சாகும்போது நம் இரக்கத்தையும் வாங்கிக்கொள்கிறான்.

கன்னடத்தில் இந்தத் தேடல் பழையது. 10ஆம் நூற்றாண்டுக் கவி ரன்னன் 'கதாயுத்தம்' பாடியபோதே துரியோதனன் எதிரியைத் தாண்டி உயர்ந்து நின்றான். அதை 1926இல் நாடகமாக்கியவர் பி.எம். ஸ்ரீகண்டையா. ஆங்கிலப் பேராசிரியரான இவர், சோபோக்ளிஸின் 'அஜாக்ஸ்' நாடகத்தைத் தழுவி 1929இல் 'அஸ்வத்தாமன்' எழுதினார். பிறகு பி. லங்கேஷ் 'ஈடிபஸ்' நாடகத்தையே கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். கர்னாட் வெறும் தரையில் வீடு கட்டவில்லை.

தமிழில்? வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களின் துரியோதனன் படுகளமும், தெருக்கூத்தின் கர்ண மோட்சமும் விடியவிடிய மக்களை அழவைப்பவை. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தோற்கும் பக்கம் என்று தெரிந்தும் நிற்கும் கர்ணனின் பலமும் பலவீனமும் ஒன்றுதானே?

இன்னும் கச்சிதமான உதாரணம் சிலப்பதிகாரத்தின் பாண்டியன். கொடுங்கோலன் இல்லை, நீதிக்குப் பேர்போன மரபில் வந்தவன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல் ஒரே ஒரு உத்தரவு போடுகிறான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. தவறை உணர்ந்த அதே இடத்தில் உயிரை விடுகிறான். பிழை, திருப்பம், உணர்தல், வீழ்ச்சி, நான்கும் சில நிமிடங்களில். அரிஸ்டாட்டில் சொன்ன 'குறி தவறிய அம்பு' இதுதான்.

பாண்டியனையும் துக்ளக்கையும் பக்கத்தில் வைத்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். பாண்டியன் செய்தது ஒரு பிழை. துக்ளக் செய்தது ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப. திருத்திக்கொள்ள வாய்ப்பு வந்த ஒவ்வொரு முறையும் திருத்தாமல் விட்டால், பிழை மெல்ல மெல்லக் குணமாகிவிடுகிறது.

கர்னாட்டும் இந்தக் கேள்வியை விடவில்லை. 2018இல் வெளிவந்த அவருடைய கடைசி நாடகம் 'ராக்ஷச தங்கடி', 1565 போரில் விஜயநகரம் வீழ்ந்ததைப் பற்றியது. தக்காண சுல்தான்களை ஒருவருக்கெதிராக ஒருவர் மோதவிடுவதில் கெட்டிக்காரர் ராமராயர். பல ஆண்டுகள் அவரை உயர்த்திய அந்தச் சாமர்த்தியமே, கடைசியில் சுல்தான்களை அவருக்கெதிராகச் சேர்த்தது. 2019 ஜூன் 10 அன்று கர்னாட் பெங்களூரில் காலமானார்.

அடுத்த முறை நாடகம் பார்க்கும்போது

இந்த நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இந்த நாயகனை உயர்த்திய குணம் எது? அதே குணம் எங்கே அவரைக் கடிக்கிறது?

2. வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று தோன்றும் கடைசி இடம் எது?

3. அவரை எச்சரித்தவர் யார்? ஏன் அது காதில் ஏறவில்லை?

4. தான் செய்தது அவருக்கே புரிகிறதா? புரியும்போது நேரம் இருக்கிறதா?

இதெல்லாம் எனக்கு எதற்கு?

அப்ரைசல் படிவத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 'பலம்' ஒரு கட்டம், 'மேம்படுத்த வேண்டியவை' இன்னொரு கட்டம். இரண்டும் வேறு வேறு ஆள்களுடையவை போல எழுதுகிறோம். "வேகமாக முடிவெடுப்பார்" என்று ஒரு கட்டத்தில் பாராட்டு வாங்கியவர்தான், "டீம் சொல்வதைக் கேட்பதில்லை" என்று அடுத்த கட்டத்தில் குட்டும் வாங்குகிறார். துன்பியல் நாடகம் தெரிந்தவருக்கு இது ஒரே வரி.

ஒரு புராஜெக்ட் கவிழ்ந்தால், நம் தவறு என்றால் 'சூழ்நிலை' என்கிறோம். அடுத்தவர் தவறு என்றால் 'அவன் குணமே அப்படி' என்கிறோம். வேலை போன ஒரு நண்பரைப் பற்றிக் கேன்டீனில் பேசும்போது நாம் எந்த வார்த்தையை எடுக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. 'பிழை' என்று சொன்னால் அவர் திரும்பி வர வழி இருக்கிறது. 'குணம்' என்று சொன்னால் கதவை மூடிவிட்டோம்.

நம் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டால் நல்லது. அடுத்தவர் செய்ததைப் பிழை என்று நினைக்கலாம். நாம் மூன்றாவது முறை அதையே செய்யும்போது, இது குணமாகிக்கொண்டிருக்கிறதோ என்று கேட்கலாம். துக்ளக்கிடம் அப்படிக் கேட்கத் துணிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அல்லது அவரே அனுப்பிவிட்டார். உங்களிடம் அதைக் கேட்கும் ஒருவர் இன்னும் பக்கத்தில் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ரங்க சங்கராவுக்கு இன்னொரு முறை டிக்கெட் போட்டால், மேப் காட்டுவதைவிட அரை மணி முன்னால் கிளம்புங்கள். முதல் தடவை லேட்டானது பிழை. இரண்டாவது தடவை உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.